எங்க வீட்டுக் கூரையில் மட்டும் பெய்த மழை

எங்கள் குடும்பப் போட்டோக்களைப் பார்க்கிற யாரும் நாங்கள் குடை வியாபாரிகள் என்றுதான் நினைப்பார்கள். திற்பரப்பு என்று ஒரு போட்டோ இருக்கிறது. அதில் நாலு குடை உண்டு, அருவி கிடையாது. கன்னியாகுமரி என்று இன்னொன்று. அதில் நாலு குடையும் ‘இன்று படகு இல்லை’ என்கிற போர்டும் இருக்கும். முட்டம் கடற்கரையில் எடுத்ததில் மட்டும் குடை மூன்றுதான். நாலாவது குடை அப்போதுதான் கடலைப் பார்த்துக் கிளம்பியிருந்தது. அதைப் பிடிக்க ஓடின கால் ஒன்று ஓரத்தில் தெரியும். அது என் கால்.

இதற்கெல்லாம் காரணம் எங்க அப்பா ஞானசிங்.

அப்பாவுக்கு வேலை ரப்பர் பால்வெட்டு. திருவட்டாறு பக்கம் சிவபிரசாத் முதலாளிக்குச் சொந்தமான தோட்டத்தில் நான் பிறப்பதற்கு முன்னாலேயே வெட்டத் தொடங்கினவர். பால்வெட்டில் ஒரு காரியம் உண்டு. மழை பெய்தால் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குள் போகாமல் மரம் முழுக்க வழிந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். சிரட்டையில் மழைவெள்ளம்தான் நிற்கும்; தண்ணீரை நாங்கள் வெள்ளம் என்போம். அதனால் விடியக்காலம் மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை.

மற்ற வெட்டுக்காரர்கள் கூரையில் முதல் துளி விழுந்ததும் வானத்தைப் பார்த்து வாயில் வந்ததை எல்லாம் சொல்லுவார்கள். எங்க அப்பா மட்டும் பாயில் எழும்பி உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கி, “ஸ்தோத்திரம்!” என்பார். அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லாரும் எழும்பிக் குளித்துவிட வேண்டும். அன்றைக்கு டூர் என்று அர்த்தம்.

“முதலாளிட்ட லீவு கேட்டா தருவாரு, தராமலும் இருப்பாரு. கர்த்தர் தாற லீவ யாரு மறுக்க?” என்பார்.

மழை இல்லாத நாளில் ஒரு லீவு எடுத்தால் என்ன என்று கேட்டால் அது தப்பு. மரம் பால் தரத் தயாராக நிற்கும்போது மனுஷன் ஊர் சுற்றினால் அது நன்றி கெட்ட வேலை. ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்று கேட்டால் அது அதைவிடத் தப்பு. ஞாயிறு சபைக்கு உள்ளது. காலையில் ஆராதனை, மத்தியானம் ஓய்வுநாள் பள்ளி, சாயங்காலம் யார் வீட்டிலாவது ஜெபம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எங்கள் குடும்பத்துக்கு மிச்சம் இருந்தது மழை ஒன்றுதான்.

அம்மா பூங்கனிக்கு அண்டியாபீசில் வேலை. முந்திரிப்பருப்பு உடைக்கிற கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். வருஷம் முழுக்க கருகின தோட்டின் மணத்துக்குள்ளேயே இருக்கிறவள். மழை சத்தமும் அப்பாவின் ஸ்தோத்திரமும் சேர்ந்து கேட்டால் போதும், முகம் மாறிவிடும். மரச்சீனிக் கிழங்கு அடுப்பில் ஏறும். நெத்திலி அவியல் ஒரு பாத்திரத்தில் இறங்கும். நல்ல சேலை ஒன்று இருக்கிறது. அது நனையாமல் திரும்பி வந்த டூர் இதுவரை நடந்ததில்லை.

ஷரீஃப் காக்காவுக்க ஆட்டோவில்தான் போவோம். முழுப்பெயர் முஹம்மது ஷரீஃப். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு முக்கில் வந்து நின்றால் அவர் ஒன்றும் கேட்கமாட்டார். முதலில் பக்கவாட்டுத் திரையை இறக்குவார். பிறகு வைப்பரைப் போடுவார். பிறகுதான், “எங்க போணும் அண்ணே?” என்பார்.

போய் இறங்கின இடத்தில் முதலில் ஜெபம். திற்பரப்பில் வெள்ளம் அதிகம் என்று கயிறு கட்டி ஆளை விடவில்லை. அருவி இருந்த இடத்தில் புகை மாதிரி ஒன்று நின்றது. அதற்கு முன்னால் குடை பிடித்து நின்று, “கர்த்தாவே, இந்த அருவியை நாங்கள் காணாவிட்டாலும், அது உள்ளே இருக்கிறது என்று விசுவாசிக்கிறோம்” என்று அப்பா ஆரம்பித்தார். கயிறு பிடித்து நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கடைசியில் ஆமென் கூடச் சொன்னார்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடிக்கடி போவோம், பக்கம் என்பதால். ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்கு வாய்க்கால் வெள்ளத்தைக் கொண்டு போகிற பாலம் அது. தூணெல்லாம் பறளியாற்றிலிருந்து எழும்பி நிற்கும் என்று சொல்லுவார்கள். நாங்கள் தூணையும் பார்த்ததில்லை, ஆற்றையும் பார்த்ததில்லை. சாரல் முகத்தில் அடிக்காமல் இருக்க குடையை முன்னால் சாய்த்துப் பிடித்து, அவரவர் காலைப் பார்த்துக்கொண்டே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும், அங்கிருந்து இங்கேயும் நடந்துவிட்டு வருவோம். “நம்ம ஊரு ரோட்டுக்கு இது எவ்வளவோ கொள்ளாம். ஒரு குழி உண்டா பாரு,” என்பார் அப்பா.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். நான் பெனிஷ். பிளஸ் ஒன் பாதியோடு நானும் பள்ளிக்கூடமும் சம்மதித்துப் பிரிந்தோம். இப்போது பைக் கழுவுகிற வாட்டர் சர்வீஸ் கடையில் வேலை. அக்கா ஷைஜா எனக்கு நேர் எதிர். படிப்பாள், ஜெபிப்பாள், பொய் சொல்ல மாட்டாள், நான் சொன்னாலும் விடமாட்டாள். அவளுக்கு பெங்களூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. இந்த வருஷம் மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் போய்ச் சேர வேண்டும்.

“போவதுக்கு முன்ன நாம நாலு பேருமா ஒரு டூர் போவோம் அப்பா,” என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

“அதுக்கென்ன மக்ளே? எடவப்பாதி மழை இன்னா வந்தாச்சு. முதல் மழைக்குப் போவோம்,” என்றார் அப்பா.

அடுத்த நாள் சிவபிரசாத் முதலாளி தோட்டத்துக்கு ஒரு லாரி பிளாஸ்டிக் இறக்கினார்.

அதற்குப் பெயர் ரெயின்கார்டு. பிளாஸ்டிக்கை மடிப்பு மடிப்பாக எடுத்து, தார் மாதிரி ஒரு பசை பூசி, வெட்டுகிற இடத்துக்கு மேலே மரத்தைச் சுற்றி ஒட்டிவிடுவார்கள். பார்த்தால் மரம் பாவாடை கட்டி நிற்கிற மாதிரி இருக்கும். பாவாடைக்குக் கீழே பட்டை நனையாது. அப்புறம் மழையிலும் பால் வெட்டலாம். மற்ற தோட்டங்களில் எப்போதோ வந்துவிட்டது. எங்கள் முதலாளி எதையும் பைய யோசித்துச் செய்கிற ஆள். யோசித்து முடித்தது இந்த வருஷம்.

வெட்டுக்காரர்களுக்கு ஏக சந்தோஷம். இனி மழையிலும் கூலி உண்டு. எங்க அப்பாவும் சந்தோஷப்பட வேண்டிய ஆள்தான். சிரிக்கவும் சிரித்தார். ஆனால் ரப்பர் ஷீட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

இதில் இன்னொரு சிக்கல். பசை ஒட்ட வேண்டுமென்றால் மரம் காய்ந்திருக்க வேண்டும். வேலை முடிகிற வரை மழை பெய்யக்கூடாது. முதலாளி கோயிலுக்குப் போகிறவர். ஆனால் வானிலை விஷயத்தில் அவருக்கு எங்க அப்பாமேல்தான் நம்பிக்கை.

“ஞானசிங், தொடங்குவதுக்கு முன்ன நீரு ஒரு ஜெபம் பண்ணும். கடைசி மரம் வரைக்கும் ஒரு துளி விழப்படாது. கேட்டீரா?”

எல்லா வெட்டுக்காரர்களும் துண்டை எடுத்துவிட்டு நிற்க, அப்பா கண்ணை மூடினார். “கர்த்தாவே, இந்த மரங்களுக்கு உடுப்பு உடுத்துகிற நாளெல்லாம் வானத்தை அடைத்து வையும்...” என்று ஜெபம் பண்ணினார். எப்போதும் கால் வலிக்கிற வரை ஜெபிக்கிறவர் அன்றைக்குச் சீக்கிரம் ஆமென் சொல்லிவிட்டார். முதலாளிக்கு அது குறையாகத் தோன்றியது. “இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா கொள்ளாம்,” என்றாராம்.

அன்று சாயங்காலம் அம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். “கடைசி மரத்துக்கும் ஒட்டியாச்சுன்னா, அதுக்கப்புறம் பெய்ற மழைல உங்களுக்கு வேலை உண்டுமா?”

“உண்டு.”

“அப்ப டூர்?”

அப்பா கத்தியைத் தீட்டத் தொடங்கினார்.

“அப்பம் இந்த வாரத்துக்குள்ள பெஞ்சாதான் பிள்ளைய கூட்டிட்டுப் போவ ஒக்கும். நாளைக்கு மழை வேணும்னு ஜெபம் பண்ணுங்க.”

“முதலாளிக்கு வேண்டி பெய்யாண்டாம்னுல்லா கேட்டிருக்கேன்?”

“அது அவருக்கு. இது உங்க பிள்ளைக்கு.”

“ஒரே ஆளு காலத்த ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு கேட்டா, மேல இருக்கவரு என்ன நினைப்பாரு? இவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைக்கமாட்டாரா?”

“சரி, நான் கேட்டுக்கிடுதேன். நீங்க குறுக்க வராண்டாம்.”

அன்றைக்கு முதல் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் பார்க்க வேண்டிய காட்சி. அம்மா, “எங்கள் தேவனே, மழையைத் தாரும்” என்பாள். அப்பா அந்த இடத்தில் மட்டும் ஆமென் சொல்லாமல் தொண்டையைச் செருமுவார். ஷைஜாவிடம், “நீ எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். “உம்முடைய சித்தம்னு சொன்னேன்,” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன். அதனால் சிரிக்கவில்லை.

வானம் என்ன பண்ணியது தெரியுமா? தினமும் கருத்தது. மேக்கே இருந்து மேகம் தள்ளு தள்ளென்று வந்தது. கோழிகள் கூட்டுக்குள் ஓடின. ஒரு துளி விழவில்லை. இரண்டு பேர் கேட்டதையும் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுக்க என்று முழிக்கிற மாதிரி மேலேயே நின்றது. அப்பா ஒவ்வொரு மரத்துக்கும் பாவாடை ஒட்டுவார், தலையைத் தூக்கி மேகத்தைப் பார்ப்பார், குனிந்து அடுத்த மரத்துக்குப் பசை பூசுவார். வேலையில் கள்ளம் கிடையாது. அவர் ஒட்டின பாவாடையை யானை வந்து இழுத்தாலும் வராது.

கடைசி வரிசை மட்டும் பாக்கி என்று வந்தது. ஷைஜாவுக்கு ரயில் நாளை மறுநாள். அப்போதுதான் நான் கடையிலிருந்து நீளமான பைப்பும், பூவாளி மாதிரி வெள்ளம் தூவுகிற வாயும் எடுத்து வந்தேன்.

எங்கள் வீட்டுக்கு மேல்தட்டில் ராஜபாய் சித்தியின் வீடு. அவள் டேங்கு எங்கள் கூரையைவிட உயரத்தில் இருக்கிறது. பைப்பை அங்கே மாட்டினால் மோட்டார் வேண்டாம், சத்தமும் இல்லை. விடியக்காலம் அப்பா எழும்புகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் முற்றத்துப் பலாமரத்தில் ஏறி உட்கார்ந்து, எங்கள் ஷீட்டுக் கூரைமேல் தூவத் தொடங்கினேன். முதலில் சாரல். பிறகு கொஞ்சம் பெலமாக. நடுவில் காற்று அடித்து ஓய்கிற மாதிரி ஒரு நிறுத்தம். எனக்கே ஒரு நிமிஷம் குளிர்ந்துவிட்டது.

உள்ளே இருந்து வந்தது சத்தம். “ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! ஏ பூங்கனி, எழும்பு! பெய்யுது! ஷைஜா, மக்ளே, எழும்பு!”

அம்மாவின் குரலும் கேட்டது. “எனக்க ஆண்டவரே, கேட்டீரே.” பாத்திரம் உருள்கிற சத்தம். மரச்சீனியை எடுத்துவிட்டாள்.

கதவு திறந்தது. அப்பா கூரை விளிம்புக்குக் கீழே கையை நீட்டினார். வெள்ளம் விழுந்தது. சந்தோஷமாக முற்றத்தில் ஒரு எட்டு வைத்தார். மழை இல்லை. பின்னால் ஒரு எட்டு வைத்தார். மழை. மறுபடி முன்னால் வந்தார். இல்லை. தலையைத் தூக்கினார். வாரம் முழுக்க நின்ற மேகமெல்லாம் எங்கேயோ போய், வானம் நிறைய நட்சத்திரம். கடைசியில் அவர் கண் பைப்பைப் பிடித்து, முற்றத்தைக் கடந்து, பலாமரத்தில் ஏறி, என்னிடம் வந்து நின்றது.

“ஏலே.”

“அப்பா, அது வந்து...”

“நிறுத்திட்டு இறங்கு. ராஜபாய்க்க டேங்கு காலியாவும்.”

அம்மா போன் வெளிச்சத்தோடு வந்தாள். “மழை எங்க?”

“உனக்க மகனுக்க கைல இருக்கு,” என்றார் அப்பா.

அம்மா முற்றம் பெருக்குகிற வாரியலை எடுத்தாள். நான் கிணற்றைச் சுற்றினேன். ஷைஜா வாசலில் நின்று, “பொய் மழை காட்டி ஆண்டவரையே ஏமாத்தப் பாக்கியாலே நீ?” என்று கத்தினாள். அப்பா மட்டும் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, நனைந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஸ்தோத்திரம் சொல்லிட்டேனே,” என்றார்.

“அதுக்கு என்ன இப்ப?” என்றாள் அம்மா, என்னைத் துரத்துவதை நிறுத்தாமல்.

“மழைக்கு நன்றின்னு சொல்லியாச்சு. சத்தமா சொல்லியாச்சு. இனி, அது மழை இல்ல, பயலுக்க சேட்டை, சொன்ன நன்றிய திருப்பித் தாரும்னு எப்பிடிக் கேக்க?”

“கேக்காண்டாம். பேசாம வேலைக்குப் போங்க.”

“போனா, கைநீட்டி வாங்கினத வேண்டாம்னு தரைல போட்டதுமாரி இல்லியா? குடுத்தவருக்கு என்ன தோணும்?”

“குடுத்தது அவரு இல்ல. இந்தச் சவம்.”

“இந்தச் சவத்தக் குடுத்தது யாரு?”

அம்மா நின்றுவிட்டாள். நானும் நின்றுவிட்டேன். என்னைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சொன்ன நல்ல வார்த்தைகளில் இதுதான் பெரியது. அதில் சவம் என்று இருந்தால் என்ன?

அப்பா முதலாளிக்குப் போன் போட்டார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, போனை வெற்றிலை மாதிரி உள்ளங்கையில் வைத்துத்தான் பேசுவார். அதனால் நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

“முதலாளி, இன்னைக்கு எனக்கு வர ஒக்காது. வீட்டில மழை.”

“ஞானசிங், நான் முற்றத்திலதான் நிக்கேன். நட்சத்திரம் தெரியுதே?”

“உள்ளதாக்கும். எனக்க கூரைல மட்டும்தான். பய பைப்பு வச்சு அடிச்சான். நான் தெரியாம ஸ்தோத்திரம் சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டீரா?” முதலாளியின் குரல் மாறிவிட்டது. “அப்ப இனி நெசமாவே பெஞ்சிருமோ? ஒரு வரி மரம் பாக்கி கெடக்கே?”

“அது எனக்குத் தெரியாது முதலாளி. மக நாளைக்குப் போறா. அதுக்கு முன்ன ஒண்ணு வெளிய போவலாம்னு...”

“போயிட்டு வாரும். தாராளமாப் போயிட்டு வாரும். ஒரே ஒரு காரியம். போற இடத்தில ஜெபம் பண்ணுவீரு இல்லா? அப்ப மழையப் பத்தி ஒரு அட்சரம் சொல்லப்படாது. பெய்யணும்னும் சொல்லாண்டாம், பெய்யாண்டாம்னும் சொல்லாண்டாம். வேற என்னத்துக்கு வேணும்னாலும் ஜெபிச்சிக்கிடும்.”

வெயில் வந்ததும் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு முக்கில் போய் நின்றார். ஷரீஃப் காக்கா ஆட்டோவைக் கொண்டுவந்து, திரையை இறக்கி, வைப்பரைப் போட்டார். காய்ந்த கண்ணாடியில் அது ‘கிறீச் கிறீச்’ என்று அழுதது. அப்புறம்தான் அவர் வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார்.

“அண்ணே, வெயிலு.”

“தெரியும்.”

“உடம்புக்கு ஒண்ணுமில்லியே?”

“ஒண்ணுமில்ல. மாத்தூருக்கு விடும்.”

மாத்தூர்தான் ஷைஜா கேட்ட இடம். இத்தனை தடவை போயும் அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லையாம். அதைப் பார்க்காமல் பெங்களூர் போக மனசில்லையாம்.

போகிற வழியெல்லாம் எங்கள் ஊர் எங்களுக்குப் புதுசாக இருந்தது. திரை தூக்கின ஆட்டோவில் நாங்கள் போனதே இல்லை. “இஞ்ச ஒரு மலை நிக்குதே, இது எப்ப வந்து?” என்று அம்மா கேட்டாள். ஷரீஃப் காக்கா, “போன மாசம் வச்சது பூங்கனி,” என்றார். அம்மா நல்ல சேலையை அடிக்கொருதரம் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருப்பதை நம்ப முடியவில்லை அவளுக்கு.

பாலத்தில் ஏறி எப்போதும் போல அப்பா முன்னால் நடந்தார். வலப்பக்கம் வாய்க்கால், இடப்பக்கம் கைப்பிடிச் சுவர். சுற்றிலும் தென்னை, வாழை, ரப்பர், தூரத்தில் நீல மலை. “ஆகா, ஆண்டவருக்க கைவேலையைப் பாருங்க,” என்று கையை நீட்டிக்கொண்டே பாதி தூரம் போனவர், கைவேலை இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க, சுவருக்கு வெளியே எட்டிக் கீழே பார்த்தார்.

கீழே தென்னைமரம் இருந்தது. அதன் தலை எங்கள் காலுக்கு வெகு கீழே இருந்தது. அதற்கும் கீழே ஆறு. ஆற்றில் ஒரு ஆள் குளித்துக்கொண்டிருந்தான், எறும்பு அளவில்.

அப்பா பைய உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, மடங்கினார் என்று சொல்லலாம்.

“என்ன, ஜெபமா?” என்றாள் அம்மா.

“இல்ல. காலு இல்ல.”

“காலு எங்க போச்சு?”

“தெரியல்ல. இருந்த இடத்தில காணல்ல.”

பின்னால் வந்த குடும்பம் நின்றது. அதன் பின்னால் இன்னொரு குடும்பம். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒருவன், “சாருக்கு உயரம் பேடியா?” என்று கேட்டான்.

“ஏலே, இவரு இதுல எத்தன தடவ நடந்திருக்காரு தெரியுமா?” என்று நான் சண்டைக்குப் போனேன்.

“அப்ப இது இவ்வளவு உயரம் இல்ல,” என்றார் அப்பா தரையிலிருந்து.

முன்னால் போகவும் பயம், பின்னால் போகவும் பயம். எழுப்பி விட நானும் அம்மாவும் பிடித்தோம். சுவரைத் தாண்டிக் கண் போனதும் மறுபடி மடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னேன். மூடினால் கீழே இருப்பது இன்னும் நன்றாகத் தெரிகிறதாம். கடைசியில் ஷைஜா முன்னால் போய், அவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“அப்பா, எங்கயும் பாக்காண்டாம். எனக்க முகத்த மட்டும் பாருங்க. நான் பின்னாக நடக்கேன்.”

அவள் கையைப் பிடித்தார். நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தேன். அம்மா பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, “வழி விடுங்க, வழி விடுங்க,” என்று முன்னால் போனாள். தேர் நகர்ந்தது.

ஷைஜா பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனாள். காலேஜ் பற்றி, கூடச் சேர்கிற பிள்ளைகள் பற்றி. அப்பா அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் ஆறு தெரியும்.

“ஹாஸ்டல்ல உனக்கு எத்தனாவது மாடி?”

“மூணாவது.”

தேர் நின்றது. “கீழ கேட்டு மாத்திக்கிடு.”

“சரி அப்பா. நடங்க.”

“கட்டிலு?”

“மேல ஒண்ணு, கீழ ஒண்ணு இருக்கும்.”

“மேல படுக்காத.”

“படுக்கல்ல. நடங்க.”

கொஞ்சம் போனதும் மறுபடி கேட்டார். “புருவத்துக்கு மேல இது என்ன மக்ளே, தழும்பு?”

“சின்னதுலயே உண்டும் அப்பா. ஊஞ்சல்ல இருந்து விழுந்தது.”

“நான் கண்டதில்லியே.”

“நீங்க காலத்த போவும்போ நான் உறங்கிட்டு இருப்பேன். நீங்க வரும்போ பள்ளிக்கூடம் போயிருப்பேன்.”

அதற்கப்புறம் தேர் நிற்காமல் போனது. நான் பிடித்திருந்த சட்டை மட்டும் முதுகில் ஏறி ஏறி இறங்கியது. பயத்தில்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதி.

கரை வந்ததும் அப்பா மண்ணில் இரண்டு காலையும் ஊன்றி, ஒரு தரம் குதித்துப் பார்த்தார். பிறகு படி வழியாக ஆற்றுக்கு இறங்கினோம். அண்ணாந்து பார்த்தால் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலைக்கு மலை நின்றன. இதன்மேல்தான் இத்தனை வருஷம் குடை பிடித்து நடந்திருக்கிறோம். “தெரியாமலே காப்பாத்தியிருக்காரு,” என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து வந்ததிலேயே சின்ன ஜெபம் அதுதான்.

அன்றைக்கு நாங்கள் காய்ந்த பாறையில் உட்கார்ந்து மரச்சீனி தின்றோம். அம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி வெள்ளத்தை உதைத்தாள். அப்பா கழுத்தளவு ஆற்றில் அமர்ந்திருந்தார். ஷைஜா பக்கத்தில் கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

“அங்க மழை எப்பிடி?” என்று அப்பா கேட்டார்.

“பெங்களூர்லயா? பெய்யும்னு சொல்லுதாவ.”

“விடியக்காலம் பெய்யுமா?”

“அது தெரியாது.”

அப்பா கொஞ்ச நேரம் வெள்ளத்தைக் கையால் அளைந்தார். “இனி இஞ்ச பெஞ்சா நான் வெட்டணும். அந்த நாளு எனக்கு லீவு இல்ல. அப்ப அதுக்குப் பதிலு ஒரு நாளு எனக்கு வரணும் இல்லியா? நீ ஒண்ணு செய்யி. அங்க விடியக்காலம் மழை பெஞ்சா என்னைய போன்ல விளி. அன்னைக்கு நான் லீவாக்கும். முதலாளிட்ட சொல்லிக்கிடுதேன். அம்மையையும் பெனிஷையும் எங்கயாவது கூட்டிட்டுப் போவேன். நீயும் வந்ததுமாரி இருக்கும்.”

“சரி அப்பா,” என்றாள்.

அவள் போய் இப்போது ஓணம் கழிந்துவிட்டது. முதலாளி சம்மதித்துவிட்டார். இங்கே மழையில் வெட்டுகிற நாள்கள் அதிகம் என்பதால் அவருக்கு நஷ்டமில்லை. விடியக்காலம் அப்பா கத்தி எடுக்கிற நேரம் பார்த்து, இடைக்கிடை போன் வரும். “அப்பா, இஞ்ச நல்ல மழை.” அப்பா போனை உள்ளங்கையில் வைத்தபடியே ஸ்தோத்திரம் சொல்லுவார். அம்மா மரச்சீனியை எடுப்பாள். கீரிப்பாறை பார்த்துவிட்டோம், சங்குத்துறை பார்த்துவிட்டோம். திற்பரப்பில் அருவி உள்ளே இருப்பதும் உறுதியாகிவிட்டது. உயரமான இடம் மட்டும் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

போன வாரம் அப்படி ஒரு போன் வந்தபோது, சும்மா இருக்க முடியாமல் என் போனில் பெங்களூர் வானிலையைத் தேடிப் பார்த்தேன். சூரியன் படம் போட்டிருந்தது. மேகம் கூட இல்லை. அதற்கு முந்தின நாள்களையும் தேடினேன். ஒரு மாசமாக அங்கே விடியக்காலம் மழையே இல்லை.

“மழையாக்கும்?” என்று அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்.

“வாய மூடிட்டு இரி,” என்று பதில் வந்தது.

“ஏலே பெனிஷ், குளிச்சியா இல்லியா?” என்று அப்பா முற்றத்திலிருந்து சத்தம் போட்டார். வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். நான் போனை அணைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.